ஒதிலியாவிடம் சொல்லக் கூடாத கணக்கு

எல் ஸபோத்தால் என்ற மலையூரில் ஒதிலியாவின் கோபத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் எதற்காகக் கோபப்பட்டாள் என்று கேட்டால்தான் ஒருவருக்கும் பதில் தெரியாது.

அவள் மாவு மில் நடத்தினாள். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தை ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன்பே வாளி வாளியாகக் கொண்டுவந்து வரிசையில் வைப்பார்கள். கல் சுழலத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவள் குரல் வேறு எங்கே போனாலும் இறங்காமல் போய்விட்டது. தேவாலயத்தில் அவள் ரகசியமாகக் கேட்கும் கேள்வி பலிபீடம்வரை போகும். ஊரில் பாதிப் பேர் அவளுடைய சாதாரணப் பேச்சையே கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜமான கோபமும் இருந்தது. மில்லுக்கு வந்த புதிதில் மோட்டார் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. தகரத்தில் ஒரு மூடி அடித்துப் போடச் சொல்லிக் கணவன் ஃபிதென்சியோவிடம் கேட்டாள். பிறகு பார்க்கலாம் என்றான். மறுபடி கேட்டாள். அவன் சிரித்தான். ஒருநாள் பக்கத்துத் தெரு தெல்ஃபினாவின் சால்வை நுனி பெல்ட்டில் சிக்கியது. இழுக்கப் போன அவள் கையில் இரண்டு விரல்கள் போயின. அன்று ஒதிலியா கத்திய கத்தலில் மில் ஓடாமலே ஊர் அதிர்ந்தது. உடனே மாமியார் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கசப்புச் செடி ஒன்று அங்கே வேலியெங்கும் வளர்கிறது, நம் மாசிபத்திரிக்குப் பங்காளி. கோபப்பட்டவர்களுக்கு அதைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது வழக்கம். கோபம் ஈரலில் இறங்கும், அங்கிருந்து நெஞ்சுக்கு ஏறும், ஆளைக் கொல்லும் என்பது ஊரின் உறுதியான நம்பிக்கை. கோபத்தோடு முட்டை தின்னக் கூடாது, அவகாடோ தின்னக் கூடாது, குளிக்கக் கூடாது. ஒதிலியா கஷாயத்தைக் குடித்தாள். பெல்ட்டுக்கு மூடி வந்தது அடுத்த வருஷம், அதுவும் அவளே தகரம் வாங்கி அடித்தது.

அவள் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் போனது. மேயர் வீட்டு வேலைக்காரி வரிசையைத் தாண்டி வாளியை முன்னால் வைப்பாள். ஒதிலியா அதை எடுத்துக் கடைசியில் வைப்பாள். அன்றைக்கு ஒரு டம்ளர் கஷாயம். தண்ணீர்க் குழாய் மேட்டுத் தெருவரை வந்து அவள் தெருவுக்கு மட்டும் வராமல் நின்றபோது ஒரு டம்ளர். கணவன் செத்த பதினைந்தாம் நாள், மில்லை ஆம்பிளை ஒருத்தன் பெயருக்கு மாற்றிவிடலாமே என்று மச்சினன்மார் நயமாகப் பேச வந்தபோது முழுப் பானை. காரணத்தை யாரும் தொடவில்லை. அவளுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் அது. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள்; அவர்களுக்காக வீட்டிலேயே பலிபீடம் கட்டுவார்கள். வாழையிலையில் மாவு பொதிந்து அவிக்காத வீடு இருக்காது. மில்லுக்கு மூச்சுவிட நேரமில்லாத சமயம். அப்போது நகராட்சியிலிருந்து ஒருவன் வந்து, திருவிழா மேடை விளக்குகளுக்காக மில்லின் மூன்று பேஸ் மின்சார லைனை மூன்று நாள் எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். ஊர்ப் பெண்களெல்லாம் மாவுக்கு என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். கையால் அரைக்கட்டுமே, பழைய காலத்தில் அரைக்கவில்லையா என்றான் அவன். ஒதிலியா மோட்டாரை நிறுத்திவிட்டு அவனிடம் பேசத் தொடங்கினாள். அவன் அம்மா அவனுக்கு எந்த மில் மாவில் ரொட்டி சுட்டுப் போட்டு வளர்த்தாள் என்பதிலிருந்து தொடங்கினாள். பாதியில் அவள் நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள்.

இடது தோள், தாடை, முதுகு என்று வலி சுற்றியது. முகம் வேர்த்துக் குளிர்ந்தது. வாளி மேல் உட்கார்ந்தாள். நாத்தனார் நிக்காந்த்ரா ஓடிவந்தாள், கையில் கஷாயத்தோடு. ஒதிலியா குடித்தாள், வாந்தி எடுத்தாள், வாந்தியில் கோபம் வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். மத்தியானம் மறுபடி வலித்தது. மாலையில் படியேறும்போது மூச்சு நின்று நின்று வந்தது. மகன் எவேலியோதான் இது சரியில்லை என்று அவளைப் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டு வட்டார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே டாக்டர் பெரெனீஸ் இருந்தாள். சின்ன வயது, நல்ல வேலைக்காரி. ஈ.சி.ஜி. எடுத்தாள், கோடுகள் இறங்கக் கூடாத இடத்தில் இறங்கியிருந்தன. ஆஸ்பிரினைக் கடித்துத் தின்னக் கொடுத்தாள், வயிற்றில் ஊசி போட்டாள், ரத்தம் எடுத்தாள். இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு பொருள் இருக்கிறது, அது ஏறியிருந்தது. வயது, நாடி, ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கைபேசியில் போட்டுக் கூட்டினாள். இப்படிக் கூட்டி வருகிற எண்ணை வைத்துத்தான் யாரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம், யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஒதிலியாவின் எண் பெரியது. ஒரு நாளுக்குள் மலையிறங்கி நகரத்துக்குப் போய் ஆஞ்சியோ செய்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறக்க வேண்டும்.

இதை டாக்டர் வராந்தாவில் நின்று எவேலியோவிடமும் நிக்காந்த்ராவிடமும் சொன்னாள். நிக்காந்த்ரா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மதினியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் கோபம் வரும், இன்னொரு கோபம் வந்தால் அங்கேயே போய்விடுவாள் என்று கெஞ்சினாள். எவேலியோ தலையாட்டினான். டாக்டரும் அந்த மலையில் பிறந்தவள்தான். அவள் வீட்டிலும் கஷாயம் கொதித்திருக்கிறது. யோசித்தாள், சரி என்றாள். உள்ளே வந்து, ஒன்றும் பெரிதில்லை அம்மா, கொஞ்சம் கோபம், கொஞ்சம் வாயு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

இதைவிட முட்டாள்தனம் வேறு கிடையாது. ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பெண் என்ன செய்வாள்? செருப்பைத் தேடினாள். வீட்டில் மூட்டை மூட்டையாகச் சோளம் ஊறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முழுக்க அவர்கள் பாடு கேவலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக நின்றது. நகரத்துக்குப் போகச் சம்மதிக்க மாட்டேன் என்று ஒதிலியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டாயப்படுத்தி ஏற்ற முடியாது. அவள் வாய்திறந்து சரி என்று சொல்லியாக வேண்டும். ஏன் போக வேண்டும் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால் அவள் வர மாட்டாள். பித்தப்பையில் கல் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் என்றான் எவேலியோ. அப்படியானால் திருநாள் முடிந்து பார்க்கலாம் என்றாள். நகரத்தில் புது மிஷின் வந்திருக்கிறது, இலவசமாகப் பார்க்கிறார்கள் என்றான். இலவசம் என்றால் அடுத்த மாதமும் இலவசம்தானே என்றாள். டாக்டர் இரண்டு தடவை வந்து வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒதிலியாவைப் பார்க்கவில்லை.

ஒதிலியாவுக்குச் சந்தேகம் வந்தது டாக்டரால் அல்ல, மகனாலும் அல்ல. நிக்காந்த்ராவால்.

நிக்காந்த்ரா வீட்டில் அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பவள். உப்பு கூடியது குறைந்தது என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை. மழை வரும் என்று ஒருத்தி சொன்னால் அதற்காகவே துணியை வெளியில் காயப் போடுவாள் மற்றவள். அப்படிப்பட்டவள் காலையிலிருந்து தலையணையைத் தட்டிப் போடுகிறாள். சூப்பை ஊதி ஊதிக் கொடுக்கிறாள்.

ஒதிலியா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போன வாரம் அவள் செய்த மிளகாய்க் குழம்பு நாய்க்குக்கூட ஆகாது என்றாள்.

"ஆமா மதினி. கொஞ்சம் கருகிப்போச்சு."

உன் அண்ணன் உயிரோடு இருக்கும்வரை உன்னைப் பற்றி என்ன சொல்வான் தெரியுமா, நம் வீட்டுக் கழுதைக்காவது உதைக்கும் நேரம் தெரியும், இவளுக்கு அதுவும் தெரியாது என்பான் என்றாள்.

நிக்காந்த்ராவின் உதடு துடித்தது. "சொல்லியிருப்பாரு மதினி."

"போன வருஷம் வீட்டுல நீ கட்டின பலிபீட அலங்காரம் இருக்கே, அதப் பாத்தா செத்தவங்ககூட வந்த வழியே திரும்பிப் போயிடுவாங்க."

"இந்த வருஷம் நீ சொல்றபடியே கட்டறேன்."

ஒதிலியா சூப்பைத் தள்ளி வைத்தாள். அவளுடைய அப்பாவின் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. குடலில் கட்டி என்று தெரிந்தும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார்கள். அவர் உற்சாகமாகிக் கூரைக்கு மரம் அறுக்கச் சொன்னார், அடுத்த மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று ஆள் பேசினார். ஒதிலியாவும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்தவள்தான். கடைசி இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தெரிந்துகொண்டுவிட்டார் என்று அவளுக்கு இப்போதுதான் பட்டது. தன்னிடம் பேச ஒருவரும் மிச்சமில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"டாக்டரக் கூப்பிடு" என்றாள்.

டாக்டர் பெரெனீஸ் வந்தாள். பின்னாலேயே எவேலியோ.

"நான் எப்ப சாவேன்?"

நிக்காந்த்ரா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா, டென்ஷன் ஆகாதீங்க என்று எவேலியோ ஆரம்பித்தான். ஒதிலியா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டரம்மா, உன்னத்தான் கேக்கறேன். இது என் நெஞ்சு. இவங்க நெஞ்சு இல்ல. வராந்தாவுல வெச்சு இவங்ககிட்ட என்ன சொன்ன?"

டாக்டர் எவேலியோவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். டாக்டரின் முகத்தில் வெட்கம் வந்தது; அந்த வெட்கத்தை அவளுக்குப் புண்ணியமாகவே எழுதிக்கொள்ளலாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கும்மா. இன்னொன்னு வரலாம். உங்க வயசு, உங்க பிரஷர், கிட்னி, ரத்தத்துல வந்த அளவு எல்லாத்தையும் சேத்துக் கணக்கு போட்டேன். உங்கள மாதிரி நூறு பேர அப்படியே வீட்டுக்கு அனுப்பினா, ஆறு மாசத்துல இருபது பேர் வரைக்கும் இருக்க மாட்டாங்க. போய் குழாயத் தெறந்தா அது கொறையும். எவ்வளவுன்னு உறுதியா சொன்னா பொய்யாயிடும். ஆனா கொறையும்."

ஒதிலியா இதை மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"இருபதா?"

"சுமாரா."

"அப்போ எம்பது பேரு இருக்காங்கல்ல?" எவேலியோவையும் நிக்காந்த்ராவையும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் நூறு பேரும் செத்த மாதிரி மூஞ்சிய வெச்சிட்டு உக்காந்திருக்கீங்க."

பிறகு டாக்டரிடம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது, அதாவது வார்டுக்குள் மட்டும் கேட்டது. "இதுல கோபத்துக்கு எத்தன போட்ட?"

"கோபத்துக்கா?"

"வயசுக்கு இவ்வளவு, கிட்னிக்கு இவ்வளவுன்னியே. கோபத்துக்கு எவ்வளவு?"

"அந்தக் கணக்குல கோபத்துக்கு இடமே இல்லம்மா."

இடமே இல்லை. டாக்டர் பொய் சொல்லாமல் மீதியையும் சொன்னாள். கோபம் வந்த நேரத்தில் வலி தொடங்கியிருக்கலாம், ஒரு மூட்டையைத் தூக்கியிருந்தாலும் தொடங்கியிருக்கும். ஆனால் குழாய் அடைத்தது ஒருநாள் கோபத்தில் இல்லை, வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தில். இதற்கு முன்னால் பிரஷர் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

பார்த்ததே இல்லை. தலைசுற்றுகிறது என்று ஊர் சுகாதார நிலையத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று போயிருக்கிறாள். பின்மண்டை இடிக்கிறது என்று போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தவர் அவள் பெயரைக் கேட்டதும் சிரித்தார். மில்காரம்மாவா, கோபத்தைக் குறைங்க, எல்லாம் சரியாகும் என்றார். கையில் பட்டையைச் சுற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் நம்பினாள். வீட்டுக்கு வந்து கஷாயம் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரியாரிடம் கோபத்தைப் பாவமாக அறிக்கையிட்டாள். தெல்ஃபினாவின் விரலுக்காக வந்த கோபத்தையும் சேர்த்து.

"அப்போ ஒருத்தனும் என் பிரஷரப் பாக்கல" என்றாள். "என் வாயத்தான் பாத்திருக்கான்."

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றாள். சுகாதார நிலையத்தில் தொடங்கி, மச்சினன்மார், நகராட்சி, செத்துப்போன மாமியார், கஷாயம் என்று வரிசையாக வந்தது. தன்னை வைத்துக்கொண்டே தனக்குத் தெரியாமல் தன் கழுத்துக்கு அளவெடுத்த டாக்டருக்கும் கிடைத்தது. அதை வராந்தாவில் நின்று வாங்கிக்கொண்ட மகனுக்கும் கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். தலைமாட்டுத் திரையில் அவள் நாடி ஏறியது. எவேலியோவும் நிக்காந்த்ராவும் அவளைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்கள். நூற்றுப் பத்து, நூற்று இருபது, மணி அடித்தது. டாக்டர் பதறி எழுந்து அவளை உட்காரவைத்தாள், கையில் நாடி பிடித்தாள், நாக்குக்கு அடியில் மருந்து வைக்கத் தயாரானாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஒதிலியா. நாடி மெதுவாக இறங்கியது. மணி நின்றது.

நிக்காந்த்ரா இன்னும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சாகல" என்றாள் ஒதிலியா அவளிடம். "பாத்தியா?"

நிக்காந்த்ராவின் கண் நிரம்பியது. காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "நீ எப்பவாவது யார் பேச்சையாவது கேட்டிருக்கியா? கொலைகாரி. எங்க எல்லாரையும் பயமுறுத்திக் கொல்லு. கழுதைன்னு எங்க அண்ணன் உன்னத்தான் சொன்னாரு, என்னைய இல்ல."

"அதான. இப்படிப் பேசு." ஒதிலியா செருப்பைப் போட்டாள். "வண்டி எங்க நிக்குது?"

ஆம்புலன்ஸில் ஏறுவதற்குள் அவள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். மில் திருநாள் முடியும்வரை ஓட வேண்டும், நிக்காந்த்ரா கல்லருகே நிற்க வேண்டும், சால்வை இல்லாமல். மின்சாரம் எடுக்க வருகிறவனிடம் யாரும் நயமாகப் பேசக் கூடாது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வாளியோடு நகராட்சி வாசலுக்குப் போய் உட்கார வேண்டும். டாக்டரைக் கூப்பிட்டு, நகரத்து டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது இந்த அம்மாவிடம் நேராகப் பேசு என்றும் சேர்த்துச் சொல் என்றாள். சொல்கிறேன் என்றாள் பெரெனீஸ். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள்.

"அதப் பிறகு பாக்கலாம்" என்றாள் ஒதிலியா. அவள் மன்னிக்கவில்லை. ஆனால் பெரெனீஸின் கையைப் பிடித்துத்தான் வண்டியில் ஏறினாள்.

மலைப்பாதை முழுக்க எவேலியோ அவள் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தான். பாதி வழியில் அழுதான். அவள் வாழ்நாளில் முதல்முறையாக அவனைத் திட்டாமல் விட்டாள், திட்ட மூச்சு இல்லாததால்.

நகரத்தில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டார்கள். அவள் விழித்திருந்தாள், குளிருகிறது என்று எல்லோரையும் கடிந்துகொண்டாள். முடிந்து வார்டில் படுக்கவைத்த பிறகு இதய டாக்டர் வந்தார். நரைத்த மனிதர், களைத்த முகம். பெரெனீஸ் போனில் சொல்லியிருந்தாளோ என்னவோ, சொல்லியிருந்தால் மறந்துவிட்டார். வாசலிலேயே நின்று எவேலியோவைப் பார்த்து விரலை அசைத்தார், கொஞ்சம் வெளியே வா தம்பி என்று.

எவேலியோ பாதி எழுந்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். வெளியே போய்க் கேட்டுக்கொள்வது சுலபம். கேட்டதை நல்லதாக்கி வந்து சொல்வதும் சுலபம். அவன் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

"என்கிட்ட வேணாம் டாக்டர்" என்றான். "அவங்ககிட்ட சொல்லுங்க."

டாக்டர் உள்ளே வந்தார். ஒதிலியா கண்ணைத் திறந்தாள்.

ஒரு குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்றார். இன்னொன்று ரொம்ப மெல்லியது, அதைத் தொட முடியவில்லை, மருந்தில்தான் ஓட்ட வேண்டும். இதயத்தின் ஒரு பக்கம் அடி வாங்கியிருக்கிறது. ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது.

"எந்த மூட்டையும்?"

"எந்த மூட்டையும்."

"எத்தன நாளைக்கு?"

"இனிமேல் எப்பவுமே."

ஒதிலியாவுக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்தது, தாடை இறுகியது. பெருமூச்சு விட்டாள். எவேலியோ திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"சரி, உக்காருங்க டாக்டர்" என்றாள். "அந்தத் தொட முடியாத குழாயப் பத்திச் சொல்லுங்க. மெதுவா சொல்ல வேணாம். மில்லுல நின்னு நின்னு எனக்குக் காது மந்தம்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.